இங்கதான் இருந்துச்சு

"இங்கதான் இருந்துச்சு" என்று கையை நீட்டுவார். கை நீண்ட இடத்தில் ஒரு மொபைல் கவர் கடை இருக்கும். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கடைப் பையன், "என்ன மாடல் அங்கிள்?" என்பான்.

இவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் மாமாவாகவோ மச்சானாகவோ, ஆபீசில் போன வருஷம் ரிட்டயர் ஆன சூப்பிரண்டாகவோ இருப்பார். எங்கள் வீட்டில் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜ உறவை எழுதினால் அடுத்த கல்யாணப் பந்தியில் என் இலைக்கு அப்பளம் வராது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்து போன் வரும். "ஜார்ஜ் டவுன் போலாம் வாப்பா. குழந்தைக்கு மெட்ராஸ் தெரிய வேணாமா?" அன்றைக்கு மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் ஷட்டரை இறக்கியிருக்கும். மற்ற நாளெல்லாம் தள்ளுவண்டிக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடுவே ஒருக்களித்துப் போகிற சந்துகளில் ஞாயிறு சாயங்காலம் நிமிர்ந்து நடக்கலாம். அதுவரைக்கும் அவர் சொல்வது நியாயம். குரோம்பேட்டையில் ரயிலேறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கும்வரை எங்களுக்குள் ஒரு தகராறும் கிடையாது.

கடைசி ஸ்டேஷனின் பெயர் பீச். முதல் தடவை போனபோது என் மகள் பெயரை நம்பி வாளியும் பிளாஸ்டிக் கரண்டியுமாக வந்திருந்தாள். வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கடல் எங்க தாத்தா?" என்றாள்.

பெரியப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "இங்கதான் இருந்துச்சு!"

இந்த ராஜாஜி சாலைக்கு அப்போது ஃபர்ஸ்ட் லைன் பீச் என்று பேர், அலை ரோட்டோரம் வரைக்கும் வரும், துறைமுகம் கட்டினார்கள், கடல் தள்ளிப் போய்விட்டது. எல்லாம் உண்மைதான். ஆனால் வாளியோடு நிற்கிற குழந்தையிடம் சொல்கிற உண்மையா அது? அந்த வாளியை ராத்திரி ஒன்பது மணிவரை என் மனைவிதான் தூக்கிக்கொண்டு நடந்தாள். அன்று அவள் என்னைப் பார்த்த பார்வை 'இருந்துச்சு' ரகம் இல்லை. இன்னும் இருக்கிறது.

பக்கத்திலேயே ஜி.பி.ஓ. 1884லிருந்து செக்கச்செவேலென்று கண்ணெதிரே நிற்கிறது. நின்றுகொண்டிருப்பதாலேயே பெரியப்பாவுக்கு அதன்மேல் அக்கறை கிடையாது. "ம், போஸ்ட் ஆபீஸ்" என்று தாண்டிப் போய்விடுவார்.

ஹைகோர்ட் மதிலோரம் வந்ததும் அண்ணாந்து நிற்பார். கலங்கரை விளக்கம் 1796ல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்து மொட்டை மாடியில் ஒண்டுக்குடித்தனம் இருந்ததாம். 1844ல் ஹைகோர்ட் வளாகத்தில் நிற்கிற அந்தத் தனித்தூணுக்கு மாறியது. 1894ல் ஹைகோர்ட் கோபுரத்து உச்சிக்கே போனது. 1977ல் மெரினாவுக்குக் குடிபோய்விட்டது. நூற்றெண்பத்தொரு வருஷத்தில் மூன்று தரம்தான் வீடு மாறியிருக்கிறது. பதினாறு வருஷத்தில் ஐந்து வீடு மாறிய எனக்குக் கொடுத்துவைத்த விளக்கு என்றுதான் தோன்றும். பெரியப்பாவுக்கோ தொண்டை அடைக்கும்.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரம் ஒரு கல்தூண் இருக்கிறது. கோட்டை பீரங்கிக்கு எதிரே வெட்டவெளி வேண்டும், இந்த எல்லைக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773ல் வெள்ளைக்காரன் நட்டது. மொத்தம் ஆறு, மிச்சம் இது ஒன்று. வேறு யாராவது என்றால் இதைக் காட்டி, குழந்தையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, ஒரு போட்டோ எடுத்திருப்பார்கள். பெரியப்பா இதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இல்லாத ஐந்தும் எங்கெங்கே இருந்திருக்கும் என்று வடக்கும் தெற்குமாகக் கை வீசுவார். ஒரு ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. "எத்தினி பேரு சார்?"

டிராம் கதை தனி. ஓடுகிற டிராமில் ஏறி இறங்கியதை அவர் சொல்லும்போது டிங் டிங் என்று மணிகூட அடித்துக் காட்டுவார். மெட்ராஸில் டிராம் நின்றது 1953ல். பெரியப்பா பிறந்தது 1958ல், வந்தவாசியில். இந்தக் கணக்கைப் பெரியம்மாதான் ஒருநாள் என் காதில் போட்டார். போட்டுவிட்டு, "கேக்காதப்பா, பாவம்" என்றார்.

காணாமல் போனதெல்லாம் எங்கே போயிற்று என்று பார்த்தால், பாதி கோயம்பேட்டில் இருக்கிறது. கொத்தவால் சாவடி மொத்தக் காய்கறி வியாபாரம் 1996ல் அங்கே போனது. வெளியூர் பஸ்ஸெல்லாம் 2002ல் போயின. ஒருநாள் பொறுக்க முடியாமல், "அப்ப அடுத்த ஞாயிறு நேரா கோயம்பேட்டுக்கே போயிடலாமே பெரியப்பா" என்றேன்.

"அங்க என்ன இருக்கு? தெக்கத்தி பஸ்ஸெல்லாம் கிளாம்பாக்கம் போயிருச்சு" என்றவர், ஒரு நிமிஷம் யோசித்தார். "இருந்துச்சு" என்றார், கொஞ்சம் நாக்கில் எச்சில் ஊற. கோயம்பேடு பழுக்க இன்னும் பத்து வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

சிரித்துச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. பெரியம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. மின்ட் தெருவில் பாதி தூரம் வந்ததும், "எங்கயாவது செத்த உக்காரலாங்க" என்றார். பெரியப்பா தெருவை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தத் தெரு பூரா திண்ணை இருந்துச்சு."

இருந்த திண்ணையில் எப்படிங்க உட்காருவது? பக்கத்துச் சாண்ட்விச் கடையில் ஒரு ஸ்டூல் கேட்டு நான்தான் வாங்கிப் போட்டேன். பெரியம்மா உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் வேலையைக் கவனித்தேன். உள்ளங்கை அகல முறுக்கில் பச்சைச் சட்னி, வெள்ளரி ஒரு வில்லை, தக்காளி ஒரு வில்லை, மேலே ஒரு சிட்டிகை மசாலா, மூடியாக இன்னொரு முறுக்கு. ஒன்று செய்ய எண்ணிப் பத்து நொடி. ஊறுவதற்குள் வாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் நொளநொளத்துவிடும். என் மகள் மூன்று தின்றாள். பெரியப்பா கையில் ஒன்றை வைத்துக்கொண்டு, இங்கே நாணயம் அடிக்கிற மின்ட் இருந்த கதையை, தங்கசாலை என்று தெருவுக்குப் பேர் வந்த கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். முறுக்கு நொளநொளத்து, சட்னி முழங்கைக்கு வழிந்தது.

மூர் மார்க்கெட் விஷயம் மட்டும் வேறு. 1979ல் வேலை தேடி வந்த புதிதில், பரீட்சைக்குப் படிக்க அங்கேதான் பேரம் பேசிப் பழைய புத்தகம் வாங்கினாராம். 1985ல் அது எரிந்து போனது. இதை எனக்குச் சொன்னதும் பெரியம்மாதான். சென்ட்ரலைத் தாண்டும்போது பெரியப்பா அந்தப் பக்கம் கையே நீட்டுவதில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு நடப்பார். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

இருட்டியதும் செகண்ட் லைன் பீச்சுக்கு வருவோம். (அங்கேயும் பீச் கிடையாது. மகள் இப்போதெல்லாம் கேட்பதில்லை.) பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் போட்டு, கூடவே ஆவி பறக்க வாழைத்தண்டு சூப் ஊற்றுவார்கள்.

போன மாசம், தட்டைக் கையில் வாங்கியதுமே பெரியப்பா ஆரம்பித்தார். "இது என்னப்பா அத்தோ! எண்பத்தி ரெண்டுல இதே இடத்துல ஒருத்தர் கடை போட்டிருந்தாரு. ஒல்லியா, வெத்தலை வாயோட. பர்மா பாஷை பேசிக்கிட்டே பிசைவாரு. அது கைப்பக்குவம்! அந்த மனுஷன் இருந்தாரு, இங்கதான்..."

பிசைந்துகொண்டிருந்த பையன் நிமிரவே இல்லை. "அவரு எங்க தாத்தா சார். இருக்காரு."

"என்னது?"

"பின்னாடி உக்காந்து வெங்காயம் உரிக்கிறாரு, பாருங்க."

வண்டிக்குப் பின்னால், குண்டு பல்பு வெளிச்சத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் ஒல்லியாக ஒரு கிழவர். வாயில் வெற்றிலை. பெரியப்பாவைப் பார்த்து, "இன்னா வேணும்?" என்பதுபோல் மோவாயைத் தூக்கினார்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. பெரியப்பா என்ன பேசுவதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், திரும்பவும் கிழவரைப் பார்த்தார். "சாப்பிட்டுட்டுத் தள்ளிக்கங்க சார், பின்னாடி ஆளு நிக்குது" என்றான் பையன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக பெரியப்பா எதையாவது சூடாகச் சாப்பிட்டார்.

அதற்கப்புறமும் மூன்று ஞாயிறு போய்விட்டோம். அந்த வண்டிப் பக்கம் மட்டும் எங்களைக் கூட்டிப் போவதில்லை.