பப்ளிமாஸ்

அக்கா மகள் போன் செய்து, "சனிக்கிழமை எங்க புது வீட்டுக்கு வரும்போது ஒரு பப்ளி வாங்கிட்டு வாங்க மாமா" என்றாள். இந்தக் காலத்துப் பெண் பப்ளிமாஸ் கேட்கிறதே என்று எனக்கு ஒரே பூரிப்பு. பெங்களூரில் அதற்குச் சக்கோத்தா என்று பெயர். விமான நிலையத்தை ஒட்டிய தேவனஹள்ளிச் சக்கோத்தாவுக்குப் புவிசார் குறியீடே உண்டு. அல்சூரில் தேடி அலைந்து, குழந்தைத் தலை அளவில் இரண்டு வாங்கி, வாட்ஸாப்பில் படம் அனுப்பினேன். பதினோரு சிரிப்பு முகங்கள் வந்தன. பின்னாலேயே, "பழம் இல்ல மாமா, ஸ்பார்க்ளிங் ஒயின்."

நான் மதுரைக்காரன். எங்கள் பக்கம் ஒயின் ஷாப்புக்கும் ஒயினுக்கும் சம்பந்தம் கிடையாது. டாஸ்மாக் கம்பிக்குள் பணத்தை நீட்டினால் எது வெளியே வருகிறதோ அதுதான் நம் தேர்வு. பெங்களூர்க் கடையிலோ கண்ணாடிக் கதவு, ஏசி, கையில் ஒரு கூடை. சுவர் நீளத்துக்குப் பாட்டில்கள். கடைப்பையன் வந்து, "சிஹி பேக்கா சார்?" என்றான். இனிப்பு வேண்டுமா என்கிறான். எனக்குச் சர்க்கரை. என் மூன்று மாதச் சராசரியை என் மனைவி எங்கள் கல்யாண நாளைவிட நன்றாக நினைவு வைத்திருக்கிறாள். "பேட, பேட" என்று பதறினேன்.

ஓர் இத்தாலியப் புரோசெக்கோவில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்று எழுதியிருந்தது. டிரை என்றாலே வறட்சி, அதிலும் எக்ஸ்ட்ரா. ஏப்ரல் மாதத்து எங்கள் வீட்டுக் குழாய் மாதிரி. எனக்கென்றே செய்திருக்கிறார்கள்! பக்கத்தில் 'புரூட்' என்று ஒன்று நின்றது. பெயரே முரட்டுத்தனமாக இருந்ததால் தொடவில்லை.

ராத்திரி மாப்பிள்ளையிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். மனிதர் தயங்கித் தயங்கித்தான் விஷயத்தை உடைத்தார். "புரூட்லதான் மாமா சர்க்கரை கம்மி. லிட்டருக்கு 12 கிராமுக்குள்ள. எக்ஸ்ட்ரா டிரைன்னா 12லேர்ந்து 17. வெறும் டிரைன்னு போட்டிருந்தா 32 வரைக்கும் போகும்."

19ஆம் நூற்றாண்டில் ஷாம்பேன் கிட்டத்தட்டப் பாயசமாம். அதிலும் ரஷ்யாவுக்குப் போனது அக்காரவடிசல். அந்த நாக்குகளுக்கு இந்தப் பதினேழு கிராம் மகா வறட்சிதான். இங்கிலாந்துக்காரர்கள் இனிப்பைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1874இல் பொம்மெரி அம்மையார் அவர்களுக்காகப் புரூட் கொண்டுவந்தபோது, வறட்சிக்கான வார்த்தைகளெல்லாம் ஏற்கெனவே செலவாகியிருந்தன. புதூர் என்று ஊருக்குப் பெயர் இருக்கும். போய்ப் பார்த்தால் நூறு வருஷப் பழசாக இருக்கும். அந்தக் கதைதான்.

ஒரு கிளாஸ் 150 மில்லி என்றால் இரண்டரை கிராம் சர்க்கரை, ஏறக்குறைய அரை ஸ்பூன்தான் என்று கணக்குப் போட்டு மனைவியிடம் காட்டினேன். "காப்பிக்கே போடறதில்லை" என்றாள். மேற்கொண்டு கணக்குப் போடவில்லை.

மாப்பிள்ளை விடவில்லை. நுரை எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டுமாம். ஷாம்பேனிலும் ஸ்பெயின் காவாவிலும் இரண்டாவது நொதிப்பு அந்தந்தப் பாட்டிலுக்குள்ளேயே நடக்கும். மாதக்கணக்கில் ஈஸ்ட்டோடு கிடப்பதால் ரொட்டி வாசனை ஏறும். புரோசெக்கோ பெரிய தொட்டியில் மொத்தமாக நுரைத்துப் பிறகு பாட்டிலுக்கு வருவது. ஈஸ்ட்டை மறைத்துக்கொண்டு பழ வாசனை முன்னால் நிற்கும். எனக்கென்னவோ, விசேஷ வீட்டில் அது ஒன்றும் குறைச்சல் இல்லை. நம் நாட்டிலும் பாட்டில் முறை உண்டு. நாசிக் பக்கம் பிரெஞ்சு ஷாந்தோன்காரர்கள் 2013இல் அப்படித்தான் செய்யத் தொடங்கினார்கள். லேபிளில் புரூட் என்றே இருந்தது. நந்தி மலை அடிவாரத்துத் தொட்டபள்ளாபூரில் குரோவர் குடும்பம் பிரெஞ்சுத் திராட்சை நட்டு முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. நம் பெங்களூர் நீலத் திராட்சையை இந்த வேலைக்குக் கூப்பிடுவதில்லை. அது ஜூஸோடும் தித்திப்புப் போர்ட்டோடும் காலம் தள்ளுகிறது, பாவம்.

சனிக்கிழமை அல்சூரிலிருந்து வைட்ஃபீல்டுக்கு ஆட்டோ. மடியில் சக்கோத்தா, கையில் பாட்டில். வழியில் எத்தனை பள்ளம் என்று நான் எண்ணவில்லை, பாட்டில் எண்ணியிருக்கிறது.

விசிலடிக்கிற குக்கருக்குள் வெளியே இருப்பதைவிட ஒரு மடங்கு காற்றழுத்தம்தான் கூடுதல். புரோசெக்கோவில் மூன்று மடங்குக்குக் குறையாது, ஷாம்பேனில் ஐந்தாறு. அதனால்தான் கம்பிக் கூண்டு. நன்றாகக் குளிரவைத்து, பாட்டிலைச் சாய்த்து, கார்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருக வேண்டும். சத்தமே வரக்கூடாது, ஒரு பெருமூச்சு மட்டும். இதெல்லாம் மாப்பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தார். கேக் வெட்டக் காத்திருந்த பொடிசுகள் பறந்ததால் குளிரவிட நேரமில்லை. கோலி சோடா உடைத்து வளர்ந்த கட்டைவிரல் என்னுடையது; அது யார் பேச்சையும் கேட்காது.

கார்க் ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பள்ளம் போட்டுவிட்டு எங்கோ போயிற்று. பாதி ஒயின் மாவிலைத் தோரணத்துக்கு அபிஷேகமானது. மிச்சத்தைப் பன்னிரண்டு பேருக்குத் தீர்த்தம்போல ஊற்றினார்கள். எனக்குக் கிடைத்த ஒரு வாயில் பேரிக்காய் வாசனை, பின்னாலேயே இனிப்பு. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைக் கசப்பாக வைத்துக்கொண்டு விழுங்கினேன்.

பக்கத்து ஃபிளாட் அம்மாள் சக்கோத்தாச் சுளையை வாயில் போட்டு, "தேவனஹள்ளிதா சார்?" என்றார்.

"ஹவ்து" என்று சொல்லிவிட்டு, இரண்டாவதை உரிக்க உட்கார்ந்தேன்.