குனியாதே, தூக்காதே, திரும்பாதே

முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று காரியங்கள் கூடாது என்றார் டாக்டர். குனியக்கூடாது, எடை தூக்கக்கூடாது, இடுப்பை முறுக்கித் திரும்பக்கூடாது. வீட்டில் ஏழு வயதில் ஒன்றும் மூன்று வயதில் ஒன்றும் இருக்கின்றன என்றேன். "அப்ப நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். அவர் பிள்ளைகளை வேறு யாரோ வளர்க்கிறார்கள் போலிருக்கிறது.

எனக்குக் கெட்டுப்போனது எல்-ஃபோர், எல்-ஃபைவ் எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க். இந்த இரண்டு நம்பரையும் சொன்னால் ஆட்டோக்காரர்கூட "எங்க மச்சானுக்கும் அதேதாம்மா" என்கிறார். டிஸ்கை எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் டைட்டானியம் ஸ்க்ரூ போட்டு முடுக்கி, ஒன்றோடொன்று சேரவிடுவார்களாம். சேர்ந்து கெட்டிப்பட மாதக்கணக்காகும். இதைப் பெரியவனிடம் பக்குவமாகச் சொன்னேன். உள்ளே ஓடிப்போய்த் தன் மஞ்சள் பிளாஸ்டிக் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து, "டாக்டர்கிட்ட இல்லேன்னா இதைக் குடு" என்றான். ஃப்ரிட்ஜில் இருக்கிற பெருமாள் காந்தம் இனிமேல் உன் முதுகில் ஒட்டுமா என்று அடுத்த கேள்வி. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது என்றேன். ஆபரேஷனில் அவனுக்கிருந்த அக்கறை அத்தோடு தீர்ந்தது.

ஆஸ்பத்திரி வேலை சுலபம். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, மயக்க மருந்து டாக்டரின் சம்மதம், இன்ஷூரன்ஸ்காரர்களின் சம்மதம். வீட்டு வேலைதான் மலை. நம் குடும்பங்கள் தரையில் நடக்கின்றன என்பது குனியக்கூடாது என்றதும்தான் உறைக்கிறது. அரிசி டிரம், சிலிண்டர் வால்வு, வெங்காயக் கூடை, ஷூ, சாக்ஸ், சிந்திய தயிர்சாதம் எல்லாம் முழங்காலுக்குக் கீழே. எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவைத்தேன். ஒத்தாசைக்கு வந்த மாமியார், "அரிசி மேடைமேல ஏறிட்டா லட்சுமி எங்கடி உக்காருவா?" என்று ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்.

கீழே கிடப்பதை எடுக்க, நுனியில் கிடுக்கி வைத்த நீளக்குச்சி ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். நல்ல சாமான். தம்ளரைப் பிடிக்கிறதோ இல்லையோ, அண்ணன் காதைக் கனகச்சிதமாகப் பிடிக்கிறது என்று சின்னவள் நிரூபித்தாள். படுக்கையிலிருந்து எழும்போது உடம்பு மொத்தமும் கட்டையாகத் திரும்ப வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் பழக்கினார். இப்போது ஹால் முழுக்க இரண்டு கட்டைகள் உருள்கின்றன.

பெரிய சிக்கல் தூக்குவது. டாக்டர் அனுமதித்தது 2 கிலோ. சின்னவள் 14 கிலோ. காலைக் கட்டிக்கொண்டு "தூக்கு" என்பதுதான் அவளுக்கு வணக்கம், பசி, தூக்கம், சமாதானம் எல்லாம். அதனால் முக்காலி போட்டு, அதில் ஏறி, சோபாவுக்குத் தாவி, பக்கவாட்டில் மடிக்கு வரப் பழக்கினேன். நேற்று அவள் பொம்மையை முக்காலியடியில் நிறுத்தி, விரலை ஆட்டி, "அம்மாக்கு முதுகு ரிப்பேர். நீயே ஏறு" என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். பொம்மை ஏறவில்லை. "சரி, இன்னிக்கு மட்டும்" என்று தூக்கிக்கொண்டாள்.

பார்க்க வரப்போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்தே நடக்காத உங்கள் சித்தப்பா கதை நிச்சயமாக வேண்டாம். இரண்டு பேரையும் பார்க்குக்குக் கூட்டிப்போய் இருட்டினதும் கொண்டுவந்து விடுங்கள், போதும். வழியில் சின்னவள் தூக்கச் சொல்வாள். உங்கள் எல்-ஃபோர், எல்-ஃபைவை ஒருதரம் விசாரித்துவிட்டுக் குனியுங்கள்.