வெள்ளிக்கிழமை உடையாதே

கெடாவில் பேய்க்காற்று அடித்தால் முதலில் பறப்பது தகரக்கூரை. அடுத்தது, உடைந்த சன்னலுக்குப் பலகை அடிக்க வருகிறவர் சொல்லும் விலை. பிளைவூட்டின் கனம், சன்னலின் அகலம், எத்தனையாவது மாடி எல்லாம் கணக்கில் உண்டு, நியாயந்தான். ஆனால் அவற்றைவிடக் கனமானது கிழமை. இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்கில் சனி, ஞாயிறு. சுங்கைப்பட்டாணியில் வெள்ளிக்கிழமை கடைக் கண்ணாடி நொறுங்கினால் உள்ளூர்க்காரர், “இன்னிக்கு லீவுண்ணே, ரெட்டைக் கூலி” என்பார். பட்டர்வொர்த் ஆளுக்கு அது வேலை நாள். ஆனால் வண்டிக்கூலியும் டோலும் நம் தலையில். சனிக்கிழமை உடைந்தால் இரண்டு பேருக்கும் லீவு. அன்றைக்குக் கண்ணாடியே கொஞ்சம் யோசித்து உடைய வேண்டும்.

“படம் எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க” என்பார்கள். போடும்போது பக்கத்தில் நிற்கும் கார் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மைவிக்கு ஒரு விலை, மெர்சிடிஸுக்கு ஒரு விலை.

தோட்டத்து லயத்தில் இந்தத் தொழிலுக்கு வேலையே இல்லை. நாக்கோ கண்ணாடி ஒன்று போனால் மைலோ டின்னை வெட்டி விரித்துச் சொருகிவிடுவார்கள். நடுராத்திரியானாலும் கூலி, டார்ச் பிடித்த பையனுக்கு ஒரு கோப்பி.

டவுன்காரருக்குக் காப்புறுதி இருக்கிறதே என்பீர்கள். சாதாரணத் தீக் காப்புறுதி தீக்கும் மின்னலுக்கும் எரிவாயு வெடிப்புக்குந்தான். காற்றுக்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்தவர் ரசீது கேட்பார்.

“ரசீதாண்ணே? அப்ப அது வேற விலை.”