சொன்ன கல்: திருகோணமலைத் துறைமுகப் பகுதித் தீட்டுக்கல் வணிகம் பற்றிய ஓர் ஆய்வு

கல்லைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். நடுகல்லுக்கு ஆய்வேடுகள் உண்டு. கல்வெட்டுக்குத் தனித் துறையே உண்டு. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் நாட்டாரியலார் விட்டுவைக்கவில்லை. கத்தி தீட்டும் கல்லை மட்டும் ஒருவரும் சீண்டவில்லை. நடுகல்லில் நிற்கும் வீரனின் வாள் எந்தக் கல்லில் கூரானது என்று கேட்க இதுவரை ஆளில்லை. இக்குறையைப் போக்கும் பொருட்டு, யாரும் கேட்காமலே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஆய்வுக் களத்தின் எல்லைகள்: கிழக்கே பிரெட்ரிக் கோட்டை, வடக்கே உப்புவெளி, தென்மேற்கே சீனக்குடா. இதற்குள் கல் தேடுவோர் நால்வகையினர். மீன் சந்தையில் வெட்டிக் கொடுப்பவர், தச்சர், சலூன்காரர் ஆகிய மூவருக்கும் கத்தியோ உளியோ இருக்கிறது, ஆகவே கல் வேண்டும். நான்காமவர் கைபேசியில் கல் வாங்குபவர். இவரிடம் கல் இருக்கிறது, ஆகவே கத்தி தேடுகிறார். சலூன்கள் பிளேடு மாற்றும் கத்திக்குப் போய்விட்டதால் மூன்றாம் வகை அருகி வருகிறது. நான்காம் வகை பெருகி வருகிறது. நம் ஆய்வுக்குரியவர் இவரே.

கற்கள் மூவகைப்படும்: தோண்டிய கல், வார்த்த கல், சொன்ன கல்.

தோண்டிய கல்லாவது, மலையிலிருந்து அறுத்தெடுத்தது. பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் வெளிர்மஞ்சள் கொட்டிக்கூல், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து நொவாகுலைட், ஜப்பானின் கியோட்டோவை அடுத்த மலைகளில் எடுத்த கற்கள் ஆகியன இதில் பேர்போனவை. வார்த்த கல்லாவது, உலையில் பிறந்தது. 1890களில் எட்வர்ட் ஆச்சிசன் என்னும் அமெரிக்கர் மணலையும் கரியையும் மின்உலையில் சுட்டுச் சிலிக்கன் கார்பைடு செய்து, அதற்குக் கார்பொரண்டம் என்று பெயரிட்டார். நமது ஹார்ட்வெயார் கடைகளில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் மென்மையுமாகக் கிடக்கும் சாம்பல் நிறக் கல் அந்த வழியில் வந்தது. சொன்ன கல்லாவது, விற்பவர் சொன்னதால் மட்டுமே உண்டானது. இணையத்தில் இயற்கைக் கல் என்று விலைக்கு நிற்பவற்றில் இவ்வகையே கண்ணில் அதிகம் படுகிறது.

சொன்ன கல்லை அறியும் குறிகள் சில. முதலாவது, புகைப்படத்தில் அது நனைந்திருக்கும். நனைந்தால் எந்தக் கல்லுக்கும் நிறம் ஆழும், வரிகள் எழும், ஏழைக் கல்லும் மாப்பிள்ளைக் கோலம் பூணும். ஒடிந்த மூலை மட்டும் படத்துக்கு வெளியே நிற்கும். இரண்டாவது, அதற்கு ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் 12000 கிரிட். மணியின் நுண்மையைக் குறிக்கும் கிரிட் எண் என்பது பொடியைச் சலித்தும் நீரில் படியவிட்டும் அளவு பிரித்து வார்த்த கல்லுக்கு உரியது. மலை எதையும் சலிப்பதில்லை. ஒரே கல்லில் பெருமணியும் சிறுமணியும் கலந்தே கிடக்கும். சீனாவின் குவாங்சி பகுதியிலிருந்து வரும் ஒரு கருஞ்சாம்பல் கல் உலகெங்கும் 12000 என்ற பட்டத்தோடு உலவுகிறது. கல் மோசமில்லை. பட்டம்தான் எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்காதது.

மூன்றாவது குறி ஊர்ப்பெயர். இதைப் பற்றிப் பேச நம்மூருக்குத் தனி உரிமை உண்டு. பிரித்தானியக் கடற்படையின் ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817இல் நீரில் இறங்கியது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் காட்சிக்கு நிற்கிறது. பெயரைத் தவிர அதில் நம்மூர் எதுவுமில்லை. கல்லுலகிலும் இப்படியே. அமெரிக்காவின் நார்ட்டன் நிறுவனம் நெடுங்காலமாக விற்கும் ‘இந்தியா’ கல் அலுமினியம் ஆக்சைடில் வார்த்தது. அதை இந்திய மலையிலிருந்து தோண்டிய கல் என்று நம்பி வாங்கியவர் எத்தனை பேரோ!

நான்காவது முத்திரை. ஜப்பானியக் கற்களின் முதுகில் மையால் குத்திய எழுத்துகள் இருக்கும். அவற்றுக்கு விலை கூடுதல். கல்லை வெட்டியெடுக்கப் பாறையும் தொழிலாளியும் வேண்டும், முத்திரை குத்த ரப்பரும் மையும் போதும். எழுத்து மட்டும் போதாது என்பதற்கு நம்மூரிலேயே சான்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். கோட்டை வாசலில் ஒரு கல் இன்னும் மீன் உருவத்தையும் சிதைந்த தமிழ் எழுத்தையும் சுமந்து நிற்கிறது. ஆழ வெட்டிய எழுத்து இருந்தும் அதன் வாசகம் பற்றி அறிஞர்கள் வாதிட்டார்கள். இணையக் கல்லின் மைக்கு வாதமே கிடையாது.

விற்பவர்கள் பொய்யர்கள் என்பது இவ்வாய்வின் கருத்தன்று. கீழ்வரும் உரையாடல் களப்பணியில் பதிவானது.

“தம்பி, இது என்ன கல்?”

“நூற்றுக்கு நூறு நேச்சுரல் அண்ணை. நேவிக்காரர் விட்டிட்டுப் போனது.”

“எந்த நேவி?”

“வெள்ளைக்காரன்ட.”

“கல்லுக்குப் பேர்?”

“நீங்கள் என்ன பேரெண்டு நினைக்கிறியள்?”

இறுதிக் கேள்வியில் வணிகத் தந்திரம் சிறிதும் இல்லை. தம்பிக்கு உண்மையிலேயே தெரியாது; அண்ணைக்குத் தெரிந்தால் விளம்பரத்தில் போடலாம் என்று கேட்கிறார். பெயர் பெரும்பாலும் இப்படித்தான் வாங்குபவரிடமிருந்தே விற்பவருக்குப் போகிறது. நேவிக் கதையைப் பொறுத்தவரை, பிரித்தானியர் 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துச் சென்றது மெய். அக்காலக் கப்பல்களில் மரத்தளம் தேய்க்கும் மணற்கல் இருந்ததும் மெய். அந்தக் கல்லில் சவரக்கத்தியைத் தீட்டினால் தாடிக்கு முன் கத்தி வழிக்கப்படும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம்: ஊரைச் சுற்றிப் பாறையாக இருக்க, கல்லைக் கடல் கடந்து வரவழைப்பானேன்? நல்ல தடை. விடை பூமிக்கடியில் இருக்கிறது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகத் தொன்மையான உருமாறிய பாறை. நம்மூர் மேடுகளில் தெரியும் குவார்ட்சைட்டும் அவ்வாறானதே. அதன் சரக்கும் ஆர்கன்சாக் கல்லின் சரக்கும் ஒரே குவார்ட்ஸ்தான். ஆனால் நம் பாறைகள் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் நெடுங்காலம் கிடந்தன. அந்த வேக்காட்டில் குவார்ட்ஸ் மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கண்ணுக்குத் தெரியுமளவு பெருத்துவிட்டன. ஆர்கன்சாவில் அவ்வளவு வேகாததால் மணிகள் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அளவில் நின்றன. கத்தியின் வாய்க்கு வேண்டியது அந்தச் சிறுமை. பெருமணிக் கல் கோடரிக்கு உதவும், சவரத்துக்கு உதவாது. இதில் தேசிய மானம் எதுவும் சம்பந்தப்படவில்லை.

கல்லைப் பார்த்துப் பெயர் சொல்வது எளிதா? ஆனந்த குமாரசுவாமியைக் கேட்போம். கலை வரலாற்றாசிரியராக உலகம் அறிவதற்கு முன் அவர் இலங்கைக் கனிமவள அளவையின் இயக்குநராக இருந்தார். செரெண்டிபைட் என்ற புதுக் கனிமத்தை ஜி. டி. பிரையருடன் சேர்ந்து அறிவித்தவர். 1904இல் பலாங்கொடைப் பக்கத்து ஆற்றுச் சரளையில் கிடைத்த கனத்த கரிய சிறு கட்டிகள் அவர் கைக்கு வந்தன. அவர் அவற்றை யுரேனினைட் என்றார். லண்டனில் விண்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு என்று தெரிந்தது. அக்கனிமம் தோரியனைட் என்று புதுப்பெயர் பெற்றது. பயிற்சி பெற்ற கண், கையில் கல், மேசையில் கருவி, எல்லாம் இருந்தும் முதற்பெயர் நிலைக்கவில்லை. நம் தம்பியிடம் இருப்பது ஒரு கைபேசி.

ஆயினும் வாங்கியவர் வீட்டில் செய்யத்தக்க சோதனைகள் உண்டு. ஒரு சொட்டுத் தேசிக்காய்ப்புளி விட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது; ஆர்கன்சா என்று விற்றிருந்தால் அந்த வழக்கு அங்கேயே முடிந்தது. இரும்பாணி கீறல் போட்டால் குவார்ட்ஸ் இல்லை, ஏனெனில் 1812இல் மோஸ் வகுத்த கடினத் தரவரிசையில் குவார்ட்ஸ் 7, சாதாரண ஆணி அதற்குக் கீழே. அடுத்தது எடை. கல்லைக் காற்றில் ஒருமுறையும் நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு ஒருமுறையும் நிறுத்து, முதல் எடையை எடைக் குறைவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். இடைவெளியில்லாத குவார்ட்ஸ் 2.65. நொவாகுலைட் அந்த எண்ணை நெருங்க நெருங்க நுண்மையும் இறுக்கமும் கூடும். விலகினால் உள்ளே துளைகள் அதிகம். கொட்டிக்கூலுக்கு வேறு கணக்கு: அதன் வெட்டும் பல் நுண்ணிய கார்னெட் மணிகள், அவை குவார்ட்ஸைவிட மிகக் கனம். அதை நீர்விட்டுத் தேய்த்தால் பால்நிறச் சேறு வரும். அடியில் ஒட்டிய கருநிறக் கல்லைக் காட்டி “இயற்கையாகவே இரண்டடுக்கு” என்பார்கள். இயற்கை இணைப்பும் உண்டு, பலகைக்கல்லைப் பசையால் ஒட்டுவதும் பெல்ஜியத்தில் பழைய முறைமைதான். ஆகவே இணைப்புக் கோடு யாருக்கும் சாட்சி சொல்லாது.

இச்சோதனைகள் எல்லாம் கல் எது இல்லை என்பதையே சொல்லும். எந்த மலை, எந்தச் சுரங்கம், எந்த அடுக்கு என்று சொல்லா. விலையோ அந்த மூன்றுக்கும்தான் கேட்கப்படுகிறது. இயற்கைக் கல் ஒன்றுக்கு நான் கொடுக்கச் சம்மதிக்கும் தொகை, பெயர் தெரியாத கல்லுக்கு உரிய தொகை மட்டுமே; தபால் செலவே கல்லின் விலையை எட்டிப்பிடிக்கும் நாட்டில் கதைக்கும் சேர்த்து எடைக்கட்டணம் கட்ட முடியாது.

மீன் சந்தையில் இப்பிரச்சினை எழவில்லை. அங்கே அறக்குளா வெட்டுபவர் ஹார்ட்வெயார்க் கல்லில் நாலு இழுப்பு இழுத்து, தோலில் கத்தி வழுக்குகிறதா பிடிக்கிறதா என்று பார்க்கிறார். நடுவில் பள்ளம் விழுந்தால் சீமெந்துத் தரையில் உரசிச் சமப்படுத்துகிறார். கல்லின் ஊர் எது என்று கேட்டதற்கு, மீனின் ஊரைக் கேட்கிறேன் என்று எண்ணி, “இண்டைக்குப் பிடிச்சதுதான்” என்றார்.

களப்பணியில் கண்ட விளம்பரங்களுள் முதலிடம் பெற்றது ஒன்றே. உலர்ந்த கல், நான்கு பக்கமும் படம், ஒடிந்த மூலை உட்பட. கீழே: “பாட்டன்ட பெட்டிக்குள்ள கிடந்தது. என்ன கல்லெண்டு தெரியாது. கத்தி தீட்டலாம்.” இந்த ஆய்வுக் காலம் முழுவதும் அதை ஒருவரும் வாங்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோது கல் நனைந்திருந்தது, மூலை காணாமற்போயிருந்தது, தலைப்பில் “அரிய ஜப்பான் கல்” என்று இருந்தது. விலை ஐந்து மடங்கு. கீழே “விற்கப்பட்டது” என்றும் இருந்தது.