கழிவு நாற்காலியின் ராஜயோகம்

அரசு அலுவலகத்தில் கால் ஒடிந்த நாற்காலியை அன்றே தூக்கியெறிய முடியாது. தளவாடப் பதிவேட்டில் அது உயிரோடு இருக்கிறதே! குறிப்பு எழுத வேண்டும், குழு பார்வையிட வேண்டும், அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை மொட்டைமாடியில் மழையில் நனைந்தபடி மூன்று காலோடு பணியில் நீடிக்கும். பிறகு “உள்ளது உள்ளபடியே” என்று அறிவிப்பு ஒட்டி, டேவணித் தொகை வாங்கி, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். விறகுக்கடைக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். தளவாடப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஏலம் எடுத்தவர் யாரும் சிரித்துக்கொண்டு போனதில்லை.

சண்டிகரில் போனார்கள்.

1950களில் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகரமாகச் சண்டிகரைக் கட்டக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே வந்தார். கூடவே அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜன்னரே. பெரியவர் வருவதும் போவதுமாக இருக்க, சின்னவர் 1965 வரை அங்கேயே தங்கிவிட்டார். கட்டடம் சரி, உள்ளே குமாஸ்தா எதில் உட்காருவார்? அந்தக் கவலையும் அவர் தலையில்தான் விழுந்தது. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், கவராயத்தை விரித்து நிறுத்தினாற்போல் கால்கள். உள்ளூர்த் தச்சர்கள் ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தார்கள். உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், தலைமைச் செயலகம், அதிகாரிகளின் வீடுகள் என்று எங்கும் அவைதான்.

இத்தனை வருஷம் உட்கார்ந்தால் பிரம்பு தொய்யாதா? தொய்ந்தது. இரும்பும் பிளாஸ்டிக்கும் உள்ளே வர, தேக்கு மாடிக்குப் போயிற்று. பிறகு வழக்கம்போல் ஏலம்; சில நூறு ரூபாய்க்கெல்லாம் போயின. எடுத்தவர்களில் பிரெஞ்சு வியாபாரிகளும் இருந்தார்கள். ‘பாவம், இவர்கள் ஊரில் விறகுக்குக்கூடப் பஞ்சம் போலிருக்கிறது’ என்று ஏலம் விட்டவர் இரக்கப்பட்டிருப்பார். பழுது பார்த்த அந்த நாற்காலிகள் பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏலக்கூடங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போன செய்தி வந்தபோதுதான் இங்கே எல்லோரும் மாடிக்கு ஓடினார்கள். 2011இல் மத்திய உள்துறை அமைச்சகமே தலையிட்டு, இவை பாரம்பரியச் சொத்து, விற்கக் கூடாது என்றது.

எனக்குப் பிடித்தது வேறு சங்கதி. அந்த நாற்காலிகள் பலவற்றின் முதுகில் துறையின் பெயர்ச்சுருக்கமும் எண்ணும் பெயிண்டில் எழுதியிருக்கும். யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று எழுதியது. போலிகள் பெருத்துவிட்ட இன்றைய சந்தையில் அந்த எழுத்துக்குத் தனி மதிப்பு. வெளிநாட்டு ஏலப் பட்டியல்கள் அதை மறக்காமல் குறிப்பிடுகின்றன. வரைந்தவர் கையெழுத்துப் போடாத படைப்புக்கு ஸ்டோர் கீப்பர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! எங்கள் வர்க்கத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததாகத் தெரியவில்லை.

யோசித்தால், மரம் மாறவில்லை, பிரம்பு மாறவில்லை. விறகுக்கடைக்காரர் ஒருவரே கேட்டவரை அது விறகு. கேட்பதற்கு ரெண்டாவது ஆள் வந்ததும் கலை.

இந்தத் தத்துவத்தை நான் வீட்டில் சொல்லவேண்டி வந்தது. தாத்தா காலத்துத் தேக்குச் சாய்வு நாற்காலி ஒன்று எங்கள் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டுக் கழிவுக் குழுவின் தலைவர், உறுப்பினர், ஏல அதிகாரி மூவரும் என் மனைவிதான். பழைய சாமான்காரரை அழைத்து வந்துவிட்டாள். அவர் நாற்காலியை ஒரு உதை உதைத்துப் பார்த்து, “முந்நூறு ரூபா தர்றேம்மா” என்றார்.

நான் சண்டிகர், பாரிஸ், லண்டன் எல்லாவற்றையும் சொல்லி, “ரெண்டாவது ஆள் வர்ற வரைக்கும் விலையைப் பத்திப் பேசவே கூடாது” என்று முடித்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். “அதான் நீங்க வந்துட்டீங்களே. நானூறு குடுத்துட்டு எடுத்துக்குங்க.”

முந்நூற்றைம்பதுக்குக் கேட்டுப் பார்த்தேன். மசியவில்லை.