ஊர் தேடு படலம்

சியாட்டிலிலோ டென்வரிலோ இரண்டு படுக்கையறை அடுக்ககத்துக்கு வாடகை கட்டிக் களைத்தவர். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். மடிக்கணினி இருக்கும் இடமே அலுவலகம். மூத்ததற்கு மூன்று வயது, இளையது மனைவியின் வயிற்றில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூங்காவில் மகளுக்கு ஊஞ்சல் கிடைக்க வரிசையில் நிற்கும்போது அவருக்கு ஞானம் பிறக்கிறது. பிள்ளைகளை வளர்க்க ஏற்ற இடம் நடுமேற்கு அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர்தான். எந்த ஊர் என்பது மட்டும் பாக்கி.

இவரை நம்மாள் என்று வைத்துக்கொள்வோம். சின்ன ஊரைப் பற்றி நம்மாளுக்குத் தெரிந்ததில் பாதி சினிமா. மீதி, சிறுவயதில் கோடை விடுமுறைக்கு அயோவாவில் தாத்தா வீட்டில் தங்கி மின்மினி பிடித்தது. தாத்தாவின் நான்கு பிள்ளைகளும் பதினெட்டு வயது முடிந்த கையோடு அந்த ஊரைவிட்டு ஏன் ஓடினார்கள் என்று அவர் கேட்டதில்லை. ஓடிய நால்வரில் ஒருவர் அவருடைய அப்பா.

எக்செல் தாள் திறக்கப்படுகிறது. அரசாங்கக் கணக்குப்படி நடுமேற்கு என்பது 12 மாநிலங்கள். இரண்டு டகோட்டாக்களும் குளிர் என்ற ஒரே காரணத்தால் முதல் சுற்றிலேயே கழிகின்றன. மற்றவற்றுக்குப் பள்ளி மதிப்பெண், வீட்டு விலை, ஃபைபர் இணையம், விமான நிலைய தூரம், காஸ்ட்கோ தூரம், சூறாவளி, வெள்ளம் என்று வரிசைகள் நீள்கின்றன. நம் பக்கம் பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளையின் அத்தைகூட இத்தனை கேட்கமாட்டார். மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் தாய்லாந்துச் சாப்பாடு கிடைக்க வேண்டும், செல்லோ சொல்லித்தர ஆள் வேண்டும், பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரி இருபது நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரிசைதான் அதிகம் சிவந்தது. கிராமப்புற ஆஸ்பத்திரிகள் பலவும் பிரசவப் பிரிவை மூடிவிட்டன. ‘குடும்பத்துக்கு ஏற்ற ஊர்’ என்று பலகை வைத்திருக்கும் ஊரில் பிள்ளை பெற்றுக்கொள்ள வழியில்லை.

ரேடான் வாயுவுக்கும் ஒரு வரிசை இருந்தது. மண்ணிலிருந்து கசிந்து நிலவறையில் தேங்கும் கதிரியக்க வாயு. அயோவாவின் 99 கவுன்டிகளையும் சுற்றுச்சூழல் முகமை அதிக ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. 99 கட்டமும் சிவப்பானதும் நம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தார். அயோவாவை விட மனமில்லை. வரிசையை நீக்கிவிட்டார். நாற்றத்துக்கு வரிசையே கிடையாது. ஆளுக்கு ஏழு பன்றி என்ற கணக்கில் வளர்க்கிற மாநிலத்தில், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதும் வீட்டு விலையில் சேர்த்தி என்று எக்செலுக்கு எப்படித் தெரியும்?

வலிய அழைக்கிற ஊர்களும் உண்டு. கான்சஸின் டொபீகா, குடிவருகிறவர்களுக்கு 15,000 டாலர் வரை தருவதாக அறிவித்தது. அதே மாநிலத்தில் சில சின்ன ஊர்கள், வீடு கட்டிக்கொள்வதாக இருந்தால் மனையே இலவசம் என்றுகூடச் சொல்லிப் பார்த்திருக்கின்றன. நம்மாளுக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. “சும்மா குடுக்கறாங்கன்னா ஊர்ல ஏதோ குறை இருக்கு.” நாலு பேர் போட்டி போடாத பொருளை அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை.

கடைசிச் சுற்றுக்கு வந்தவை இரண்டு. ஒன்று மினசோட்டாவின் நார்த்ஃபீல்டு. கார்ல்டன், செயின்ட் ஓலாஃப் என இரண்டு நல்ல கல்லூரிகள். 1876இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கும்பல் வங்கியைக் கொள்ளையடிக்க வந்தபோது ஊர்க்காரர்களே துப்பாக்கி எடுத்து விரட்டிய ஊர். ஆண்டுதோறும் செப்டம்பரில் அதை நடித்துக் காட்டி விழா எடுக்கிறார்கள். காலையுணவு சீரியல் தயாரிக்கும் தொழிற்சாலை இருப்பதால் காற்றே சில நாள் இனிப்பாக மணக்கும். மக்கள்தொகை இருபதாயிரம். சரி, விதியைத் தளர்த்தலாம். ஆனால் வீட்டு விலையைத் தளர்த்த முடியவில்லை. மினியாபொலிஸ் ஒரு மணி நேரத்துக்குள் என்பதால் நம்மாளைப் போன்றவர்கள் பல காலம் முன்பே வந்து இறங்கிவிட்டார்கள். இன்னொன்று அயோவாவின் டெக்கோரா. நார்வேக்காரர்கள் குடியேறிய ஊர், லூதர் கல்லூரி, நல்ல ஆறு. பனியாறுகள் வழித்துத் தட்டையாக்காமல் விட்ட நிலம் என்பதால் அயோவாவில் அபூர்வமாகக் குன்றுகளும் உண்டு.

ஊர் பார்க்கும் பயணம் அக்டோபர் முதல் வாரத்தில். பிப்ரவரியில் யாரும் ஊர் பார்க்கப் போவதில்லை. 1996 பிப்ரவரியில் மினசோட்டாவின் டவர் என்ற ஊருக்கருகே பாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே 60 பதிவானது என்பதை எந்த வீட்டுத் தரகரும் மேப்பிள் மரம் சிவந்திருக்கும் வேளையில் எடுத்துச் சொல்வதில்லை.

நார்த்ஃபீல்டிலிருந்து டெக்கோராவுக்குக் காரில் போகும் வழியில், கேஸிஸ் பெட்ரோல் பங்கில் மனைவி நிறுத்தச் சொன்னார். முதலில் கழிவறை, பிறகு அங்கேயே சுடும் பீட்சா. மினசோட்டாவின் தென்கிழக்கு மூலையில், தாளிலேயே இல்லாத ஊர் அது. பெயரைச் சொல்லமாட்டேன், வீட்டு விலை ஏறிவிடும். தானியக் கிடங்கு, பெயரெழுதிய தண்ணீர்த் தொட்டி, மூன்று தேவாலயம், ஒரு நூலகம். இரண்டு வேலைதான் என்று நிறுத்தியவர்கள், அங்கே ஓரிரவு தங்கினார்கள். தெருவில் கூம்பு வைத்த ஒரு பழைய வீடு விற்பனைக்கு இருந்தது. சாயங்காலம் சும்மா போய்ப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை நம்மாள் காபிக்கடைக்குப் போனார். ஆறு மணியிலிருந்தே பெரியவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து, இன்றைக்குக் காசு யார் கொடுப்பது என்று தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எந்தப் பக்கத்துலேர்ந்து வர்றீங்க?”

“சியாட்டில்.”

“ஓ.” சற்று நேரம் கழித்து, ஆறுதலாக: “பரவாயில்ல.”

“அழகான ஊர் உங்களுது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்போல!”

“தெரியும் தெரியும். கூம்பு வச்ச வீட்டைப் பார்த்தீங்களாமே, நேத்து நாலரைக்கு? கொதிகலன் பழசு. சொன்னாங்களா?”

நம்மாளின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எல்லாரும் எல்லாரையும் தெரிந்துவைத்திருக்கும் ஊர் அவருடைய கனவுதான். அந்த ‘எல்லாரையும்’ என்பதில் தானும் அடக்கம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கவில்லை.

ஊரைத் தீர்மானித்தது நூலகத்தில். மனைவிக்கு ஒரே கேள்விதான் இருந்தது: நான் பிரசவத்துக்குப் போனால் பெரியவளை யார் பார்த்துக்கொள்வார்கள்? மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள், பகல்நேரக் காப்பகத்தில் இடமே கிடைக்காது என்று முதலில் உண்மையைச் சொன்னார். பிறகு, “எங்க நாத்தனார் வீட்ல மூணு பிள்ளைங்களப் பார்த்துக்கறா. நாலாவதுக்குக் கேட்டுப் பார்க்கறேன், இருங்க” என்று ஃபோனை எடுத்தார். பத்து நிமிடத்தில் முடிந்தது. கூடவே சின்க்ளேர் லூயிஸின் ‘மெயின் ஸ்ட்ரீட்’ நாவலையும் கையில் கொடுத்தார். நகரத்துப் பெண் ஒருத்தி சின்ன ஊருக்கு வாழ வந்து மூச்சுத் திணறும் கதை. லூயிஸ் பிறந்த சாக் சென்டர், இதே மினசோட்டாவில்தான் இருக்கிறது. 1920இல் புத்தகம் வந்தபோது ஊரே கொதித்தது. 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னாளில் ஒரு தெருவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். சின்ன ஊரின் ரோஷம் இவ்வளவுதான். நம் பிள்ளை என்று ஆகிவிட்டால் திட்டினாலும் பெருமை. மனைவி அன்றிரவு விடுதியில் படித்துப் படித்துச் சிரித்தார். கணவரிடம் கொடுக்கவில்லை.

கூம்பு வீட்டை வாங்கினார்கள். கொதிகலன் பழசுதான்.

குடிவந்த வாரம், அக்கம்பக்கத்தார் சாப்பாடு வைத்துக் கொடுத்த கேசரோல் பாத்திரங்களுக்கு அலமாரியில் இடமில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுத்தாளில் பெயர். பெயர் ஒட்டுவது திருப்பிக் கொடுக்க நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக என்று மனைவிக்குப் புரிந்தது. நம்மாள் எல்லாவற்றையும் கழுவி வாசலில் அடுக்கிவைத்து, வந்து எடுத்துக்கொள்ளும்படி சீட்டு எழுதினார். மனைவி சீட்டைக் கிழித்தார்.

மாதத்தின் முதல் புதன்கிழமை பகல் ஒரு மணிக்கு சூறாவளிச் சங்கு அலறியது. நம்மாள் மகளை வாரி எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் பாய்ந்து, டார்ச்சும் தண்ணீருமாக முக்கால் மணி நேரம் இருந்தார். ஜன்னல் வழியே பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதியாகப் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார். மினசோட்டாவில் மாதாமாதம் அந்த நாளில் அந்த நேரத்தில் சங்கைச் சோதிப்பார்கள். மாலைக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது.

பள்ளிக்கூடத்தின் பெயரில் ஏன் இரண்டு ஊர் இருக்கிறது என்பதும் மெதுவாகத்தான் விளங்கியது. ரஷ்ஃபோர்ட்-பீட்டர்சன், மேபல்-கேன்டன் என்று அந்த வட்டாரத்தில் இப்படித்தான். பிள்ளைகள் குறையக் குறைய இரண்டு ஊர்ப் பள்ளிகள் ஒன்றாகின்றன. எங்கே கட்டடம், எந்த ஊர் நிறத்தில் சட்டை என்று சண்டை போட்டு, கடைசியில் நடுவில் ஒரு கோடு போட்டுச் சமாதானமாகிறார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு, கையில் ஒன்று வயிற்றில் ஒன்று என்று வந்து இறங்குகிறவர்களை லேசில் விட்டுவிடுவார்களா? அமைதி தேடி வந்தவருக்குத் திங்கட்கிழமை தன்னார்வத் தீயணைப்புப் பயிற்சி. வெள்ளிக்கிழமை கால்பந்து மைதானத்தில் சிப்ஸ் பொட்டலத்துக்குள்ளேயே கறியையும் சீஸையும் கொட்டி ‘வாக்கிங் டாக்கோ’ விற்கிற வேலை. இத்தனைக்குப் பிறகும் அவருடைய வீட்டுக்குப் பழைய சொந்தக்காரர் பெயர்தான். இன்னும் முப்பது வருடத்துக்கு அப்படித்தான் இருக்கும்.

அடுத்த ஆண்டு நவம்பர் தேர்தல் முடிந்த மறுநாள் ஊர் எழுத்தரிடமிருந்து ஃபோன்.

“வாழ்த்துகள். கவுன்சிலுக்கு ஜெயிச்சிருக்கீங்க.”

“நான் நிக்கவே இல்லையே!”

“அந்த இடத்துக்கு யாருமே நிக்கல. ஒன்பது பேர் உங்க பேரை எழுதிப் போட்டிருக்காங்க.”

“எனக்கு இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க.”

“கழிவுநீர்க் குட்டை உங்க பொறுப்பு. எக்செல் நல்லா வரும்னு உங்க வீட்டுக்காரம்மா சொன்னாங்க. ஜனவரியில முதல் செவ்வாய், ஏழு மணிக்குக் கூட்டம். புதுசா வர்றவங்கதான் எல்லாருக்கும் தின்பண்டம் கொண்டு வரணும். போன தடவை வந்தவர் கடையில வாங்கிட்டு வந்துட்டார். நீங்க அப்படிச் செய்யாதீங்க.”