குடலுக்கும் ஒரு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டி

அனுப்புநர்:
தாத்தா ஒருவர், சிட்லபாக்கம், தாம்பரம் மாநகராட்சி.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள், இந்தியத் தர நிர்ணய அமைவனம், தென்மண்டல அலுவலகம், தரமணி, சென்னை.

பொருள்: ஒன்றரை வயதுப் பேரனின் குடலுக்குத் தரச் சான்று கோருதல் – தொடர்பாக.

பார்வை: பொம்மைகள் (தரக் கட்டுப்பாட்டு) ஆணை, 2020.

ஐயா,

மேற்படி ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருப்பதும், 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது என்பதும் தாங்கள் அறிந்ததே. அறிந்து நாங்களும் பூரித்தோம். பொம்மையிலிருந்து காந்தம் கழன்று வந்தால் அதை ஓர் உருளைக்குள் போட்டுப் பார்க்கிறீர்கள். 31.7 மில்லிமீட்டர் விட்டம். சின்னக் குழந்தையின் தொண்டைக்கு நீங்கள் செய்து வைத்திருக்கும் மாற்று. அதற்குள் அடங்கிவிட்டால் காந்தத்தின் வலிமையைக் குறியீட்டெண்ணாகக் கணக்கிடுகிறீர்கள். எண் 50-ஐத் தொட்டால் பொம்மை ஃபெயில். இத்தனை அக்கறையை நான் பெற்ற மகனிடம்கூடப் பார்த்ததில்லை.

அந்த மகன்தான் சிறுசேரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சேர்த்த டென்ஷனைக் குறைக்க, ஆன்லைனில் ஒரு டப்பா வாங்கினான். உள்ளே 216 நியோடிமியம் உருண்டைகள், ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர். நசுக்கலாம், நீட்டலாம், கோபுரம் கட்டலாம். உங்கள் 50 என்ற கணக்கை இவை பல மடங்கு தாண்டும். ஆனால் டப்பாவின் மேல் '14+' என்று அச்சாகியிருக்கிறது. ஆகவே இது பொம்மை அல்ல. பொம்மை அல்லாததால் உருளை இல்லை, 50 இல்லை, முத்திரையும் இல்லை. சொட்டு மையில் ஆணையைத் தாண்டிவிட்ட அந்தக் கம்பெனிக்காரரை யாராவது கூப்பிட்டு மாலை போட வேண்டும்.

எங்கள் காலத்துக் காந்தம் பழைய ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்தது. சணலில் கட்டித் தெருமண்ணில் இழுத்துப்போனால் இரும்புத்தூள் மீசையாக முளைக்கும். அதை விழுங்க வேண்டுமென்றால் பகாசுரன்தான் வர வேண்டும். 1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நியோடிமியம் காந்தத்தைக் கண்டுபிடித்தார்கள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதான உருண்டைக்குள் அந்தப் பலம் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உருண்டைகளை எண்ணினோம். 213. "மாமா, மூணு குறையுது" என்றாள் மருமகள். பேரன் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். எதிர்வீட்டு அம்மா வாழைப்பழத்தோடு வந்தார்: "ரெண்டு பழத்தைக் குடுங்க, தன்னால வந்துடும்." காசு விழுங்கிய பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வைத்தியம், பெரும்பாலும் பலித்தும் இருக்கிறது. இன்னொருவர், இங்கே சுவர்களில் 'தொக்கம் எடுக்கப்படும்' என்று எழுதியிருக்கிறதே, அங்கே போகலாம் என்றார். ஊதி உறிஞ்சி எதையாவது எடுத்துக் காட்டிவிடுவார்களாம்.

காந்தத்திடம் இந்த வைத்தியமெல்லாம் செல்லாது என்பதை எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்த வரிசையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒற்றை உருண்டை என்றால் அநேகமாக வெளியே வந்துவிடும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று போனால் இரண்டும் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் நின்றுகொண்டு, சுவர்களைத் தாண்டி ஒன்றையொன்று கூப்பிடும். கொடியில் மாட்டிய கிளிப்பைப் போலக் கவ்விக்கொள்ளும். நடுவில் மாட்டிய குடலுக்கு ரத்தம் போகாது. அந்த இடம் அழுகி ஓட்டை விழும். வெளியே தெரிவதெல்லாம் வாந்தியும் வயிற்றுவலியும்தான். குடலேற்றம், சூடு, மாந்தம் என்று நாம் பெயர் வைத்துக்கொண்டிருப்போம். ஒரே கோணத்தில் எடுத்த படத்தில் இரண்டு உருண்டைகள் ஒன்றாகத் தெரிவதும் உண்டு. பக்கவாட்டிலும் எடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அறைப் பக்கமே போகக் கூடாது.

பேரன் வயிற்றில் ஒன்றும் இல்லை. மூன்றும் இரும்பு பீரோவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. நிற்க.

14 என்ற கோட்டை எந்தக் குடலைக் கேட்டு வரைந்தார்கள் என்பது அடியேனின் ஐயம். நியூசிலாந்து இந்தக் காந்தங்களை 2013-லேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் பின்னாளில் அங்கே டௌரங்கா ஊரில் 13 வயதுப் பையன் ஆன்லைனில் வாங்கிய உருண்டைகளை எண்பது, நூறு என்று விழுங்கி, குடலில் ஒரு பகுதியை இழந்தான். விவரம் தெரிந்த வயது! பிரிட்டனில் பெரிய பிள்ளைகள் நாக்கின் இருபக்கமும் உருண்டை வைத்து, வளையம் குத்தியதுபோல் வீடியோ எடுத்தார்கள். 2021 மே மாதம் அரசு மருத்துவத்துறை எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. அமெரிக்கா 2014-ல் விதி போட்டது, 2016-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2022-ல் மறுபடி போட்டார்கள். இம்முறை பொழுதுபோக்கு, மன அழுத்தக் குறைப்பு, நகை என்று எந்தப் பெயரில் விற்றாலும், உதிரிக் காந்தம் விழுங்கும் அளவில் இருந்தால் அதே 50 கணக்கு. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. படிப்பறிவில்லாத ஏற்பாடு, ஆனால் என் பேரனுக்கும் படிக்கத் தெரியாது.

ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டுகிறேன். தங்களிடம் ஏற்கெனவே உள்ள அந்த உருளையையும் அந்த 50-ஐயும், டப்பாவில் எந்த வயது போட்டிருந்தாலும் எல்லா உதிரிக் காந்தங்களுக்கும் பொருத்த மத்திய அரசுக்குப் பரிந்துரைக்கலாம். அது சிரமமென்றால் சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் வட்டாரத்துக் குழந்தைகளை வரிசையாக வரவழைத்து, காந்தம் தாங்கும் குடல் என்று சோதித்து முத்திரை குத்தித் தரலாம். கட்டணம் எவ்வளவானாலும் என் மகன் கட்டுவான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தாத்தா

இணைப்பு: 216 உருண்டைகளையும் பார்சலில் அனுப்ப எண்ணினேன். விமானத்தில் காந்தம் ஏற்றுவதென்றால் 2.1 மீட்டர் தள்ளி நின்று அதன் புலத்தை அளந்து, வரம்பை மிஞ்சினால் ஆபத்தான சரக்கு என்று நடத்த வேண்டும் என்பது சர்வதேச விதி. திசைகாட்டி குழம்பிவிடக் கூடாதாம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் மீது இவ்வளவு பரிவு காட்டும் உலகத்துக்கு நான் தொந்தரவு தர விரும்பவில்லை. நேரில் கொண்டுவருகிறேன். அலுவலக நேரத்தைத் தெரிவிக்கவும்.